திரையில் வாளும் கோலும்: சண்டை விளையாட்டை அளவோடு ஆடுதல்

ஓய்வில் இருக்கும் இளையோர் பலருக்குக் காணொளி விளையாட்டே பொழுதுபோக்கு. இருவர் நேருக்கு நேர் ஆயுதமேந்திப் பொருதும் விளையாட்டு அவற்றுள் ஒரு வகை. அது பிள்ளையைக் கெடுத்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர்; வெறும் விளையாட்டுத்தானே என்று பிள்ளைகள் வாதிடுகின்றனர். அதன் இயல்பையும், கவனம் தேவைப்படும் இடங்களையும் இவ்விதழில் அறிந்துகொள்வோம்.

விளையாட்டின் இயல்பு

இவ்வகையில் புகழ்பெற்றது, ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட சோல்காலிபர். அதன் ஆறாம் பாகம் 2018இல் வந்தது. வாள், கோல் என வீரர் ஒவ்வொருவருக்கும் தனி ஆயுதம் உண்டு. மேலிருந்து இறங்கும் வெட்டுக்குப் பக்கவாட்டில் விலகித் தப்பலாம்; விலகுபவரைக் கிடைமட்ட வீச்சு பிடித்துவிடும். களத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தாலும் தோல்வியே.

திசையன்விளை வட்டாரத்தில் சிலம்பம் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. எதிராளியின் தூரத்தையும் கோலின் நீளத்தையும் கணித்து அடியெடுத்து வைப்பதே இரண்டிலும் உள்ள கலை. ஆனால் சிலம்பத்தில் உடல் முழுவதும் உழைக்கிறது. களைப்பு வந்தால் கோல் தானாகவே தாழ்கிறது. திரையில் உழைப்பவை விரல்களும் கண்களும் மட்டுமே. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தோற்றவருக்கு அடுத்த ஆட்டம் உடனே காத்திருக்கும். “இன்னும் ஒன்றே ஒன்று” என்ற எண்ணம் பிறப்பது இங்கேதான்.

உடல் தரும் அறிகுறிகள்

பொத்தான்களை விரைந்து அழுத்துவதால் கட்டைவிரலின் தசைநாண் உறை வீங்கலாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கும்போது, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் கடுமையாக வலித்தால், விளையாட்டை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து ஏற்றும் ஊசி பொருத்திய கையால் விளையாட வேண்டா.

ஆயுதங்கள் மோதும்போது திரையில் ஒளி பளிச்சிடும். வலிப்பு நோயாளிகளுள் சிலருக்கு இத்தகைய ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியைப் பார்த்த நூற்றுக்கணக்கான சிறுவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வலிப்பு நோய் உள்ளவர்கள் விளையாடத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

எப்போது அது நோய்?

பல மணி நேரம் ஆடுவது மட்டுமே நோயாகாது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை இடம்பெற்றுள்ளது. அப்பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று அடையாளங்கள்: நிறுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாதல், தீங்கு விளைந்தும் தொடர்தல். இவை படிப்பையோ உறவையோ வேலையையோ பெரிதும் குலைத்து, பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால்தான் மருத்துவர் அவ்வாறு முடிவு செய்வார். ஆகவே பிள்ளைக்கு நாமே நோய்ப்பெயர் சூட்டுதல் தகாது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

கடிகாரத்தைக் காட்டிலும் ஆட்டங்களின் எண்ணிக்கை நல்ல எல்லை. “இன்று ஐந்து ஆட்டம்” என்று தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் கருவியைப் பிடுங்கினால் பிள்ளை தோற்றவனாகிறான். சினம் உங்கள்மேல் திரும்பும். ஆட்டம் முடியும்வரை இரண்டொரு நிமிடம் பொறுத்திருங்கள். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திரையை அணைப்பது நலம். இயன்றால் ஒரு நாள் அருகில் அமர்ந்து நீங்களும் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்; அதன்பின் நீங்கள் சொல்லும் சொல்லுக்குப் பிள்ளை செவிசாய்க்கக்கூடும்.

உறக்கம், உணவு, படிப்பு ஆகியவை குலைவதைக் கண்டால் தயங்காது மருத்துவரிடம் கூறுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. உதவி நாடுவது பிள்ளையைக் குற்றஞ்சாட்டுவதாகாது. அவனுக்குத் துணை நிற்பதே ஆகும்.