அந்தி வேளையும் குடிப்பழக்கமும்

1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமுலுக்கு வந்து, கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. கடையை மூடச் சட்டம் போதும். நாவை அடக்கக் குடிப்பவனுடைய சொந்த உறுதியே வேண்டும்.

அவ்வுறுதி சபதத்தினால் மாத்திரம் நிலைப்பதன்று. மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவனும், சந்தை நாளில் கூலி கைக்கு வந்ததும் தடுமாறுகிறான். அவனைக் கெட்டவன் என்று தள்ளுதல் நியாயமன்று. பகல் முழுதும் ஏர் பிடித்தவனுக்கு அந்தி வேளையில் பசியும் களைப்பும் மிகும். வெறும் வயிறே அவனைக் கள்ளுக்கு இழுக்கிறது. ஆகையால் வேலை விட்டவுடன் கேழ்வரகுக் கூழோ, மோரோ, வெல்லத்துடன் வேர்க்கடலையோ அவன் வயிறார உட்கொள்ளல் நலம். பழைய கூட்டாளிகள் கூடும் வழியை விடுத்து, பஜனை மடத்துக்கோ சங்கக் கட்டிடத்துக்கோ செல்லலாம்.

கூலிப் பணம் அந்தி வரையில் மடியில் தங்கலாகாது. மனைவியின் கைக்கும், சங்கத்துச் சிக்கனச் சேமிப்புக்கும் முன்னதாகவே சேர்ந்துவிட வேண்டும். (கள்ளுக்குப் போன பணம் கடன் மனுவில் ‘குடும்பச் செலவு’ என்றே எழுதப்படும்!)

ஒரு நாள் தவறினால் சபதம் முறிந்ததென்று கைவிடாமல், மறுநாளே மீண்டும் தொடங்குக. பல வருஷம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் காணக்கூடும். அத்தகையவர் முதலில் வைத்தியரைக் கண்டு, அவர் சொற்படியே நிறுத்துதல் வேண்டும்.