பேத்தியும் வெளியே விளையாடட்டும்

"வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்!" பேத்தியிடம் இப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். பேரனிடம் சொல்வதில்லை. அவன் பந்துடன் கீழே ஓடிவிடுகிறான். அவள் கைப்பேசியுடன் வீட்டிலேயே இருக்கிறாள்.

பிள்ளைகள் நாளுக்கு 2 மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் வெளியே இருந்தால், கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையும். மர நிழலில் விளையாடினாலும் பலன் உண்டு. தொப்பி, தண்ணீர்ப் போத்தலுடன் காலையிலோ மாலையிலோ இருவரையும் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

"பெரியவள்தான் சிவப்பு" என்று விருந்தினரிடம் விளையாட்டாகச் சொன்னாலும் சின்னவள் மனத்தில் அது தங்கிவிடும். சருமத்தை வெளுக்கச் செய்யும் கிரீம் எதையும் அவளுக்குப் பூசாதீர்கள். சிலவற்றில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

முன்பு அப்படிச் சொல்லியிருந்தால், "பாட்டி சொன்னது தவறு, வா கண்ணு, கீழே போகலாம்" என்று கூப்பிடுங்கள்.