வாசல் வளைவு அப்புறம், மணவறை முதலில்

முகூர்த்த நாள் சாயங்காலம் பொத்தேரியிலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். எந்த மண்டபத்து வாசலிலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய எழுத்தில் பெயர், ஓடுகிற சீரியல் செட், தோகை விரிக்கும் மயில். உள்ளே போனால் மணப்பெண்ணின் முகம் ஊதா நிறத்தில் இருக்கும். பந்தியில் இலையில் விழுந்தது கூட்டா பொரியலா என்று குனிந்து பார்க்க வேண்டும். லைட்டுக்கு ஒதுக்கிய பணம் வாசலிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

இப்போது இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. காலையில் இங்கே தாலி கட்டு, மாலையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்க் கடற்கரை விடுதியில் வரவேற்பு. 2022 ஜூனில் நயன்தாரா கல்யாணம் நடந்த கரை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் மண்டபத்துக்குப் போட்ட லைட் பட்டியல் மணலுக்கு ஒத்துவராது.

செய்ய வேண்டியவை

முகூர்த்தம் எந்த நேரமோ அந்த நேரத்தில் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். நாலரை – ஆறு என்றால் வெளியே இருட்டு, எல்லாம் விளக்கின் பொறுப்பு. ஆறு – ஏழரை என்றால் பாதிச் சடங்கில் கிழக்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்துவிடும். திரை போடுவதா, அந்த வெயிலையே பயன்படுத்திக்கொள்வதா என்பதை ஒரு வாரம் முன்பே போட்டோகிராஃபரோடும் லைட்காரரோடும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இருவரும் முதல் தடவையாக மேடையில் சந்தித்துக்கொண்டால் சண்டைதான்.

மணவறைக்கு ஒரே வகை வெள்ளை போதும். இளமஞ்சள் கலந்த 3200 கெல்வின் அளவு தோலுக்கும் தங்கத்துக்கும் பொருந்தும். அதற்குப் பக்கத்திலேயே 6500 கெல்வின் டியூப் எரிந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். அரக்குப் பட்டு நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும், சரிகை மங்கிப்போகும். காஞ்சிபுரம் வரை போய் நிறம் பார்த்து எடுத்த புடவைக்கு இந்தக் கதி தேவையா? வண்ண விளக்கு வேண்டுமானால் பின்னால் திரைக்கும் தூணுக்கும் போடட்டும், ஆள்மேல் படக்கூடாது.

விளக்கைத் தலைக்கு நேர் மேலே தொங்கவிடாமல் முன்பக்கம் இரண்டு ஓரங்களிலும் சாரத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நேர் மேலிருந்து விழுந்தால் தலைப்பாகை நிழல் மாப்பிள்ளையின் கண்ணை மறைக்கும். நெற்றிச்சுட்டி பெண்ணின் நெற்றியில் கோடு போடும். புரோகிதர் குனியும் பக்கத்தில் இருக்கும் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால், அவர் நிழல் ஓமகுண்டத்தின் மேல் விழாது.

எல்லாம் மாட்டி முடித்ததும் செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ ஒன்று எடுத்துப் பாருங்கள். மட்டமான எல்.இ.டி. என்றால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், அல்லது துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு வீடியோவில் வந்துவிட்டால் எடிட்டிங்கில் எடுப்பது கஷ்டம்.

கரண்ட் கணக்கை எழுதி வாங்குங்கள். 180 வாட் பார் லைட் இருபது என்றால் 3.6 கிலோவாட், 230 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர். இதையே பழைய 1000 வாட் ஹாலோஜனில் செய்தால் 20 கிலோவாட். மண்டபத்தில் ஏசியும் சமையல்கட்டு கிரைண்டரும் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 50 கிலோவாட். அதில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் திட்டமிடுங்கள். மூன்று பேஸிலும் லோடைப் பிரித்துப் போட்டால், ஒரு பேஸ் போனாலும் மணவறை மொத்தமாக இருட்டாகாது.

பந்திக்கும், பாத்திரம் கழுவும் இடத்துக்கும், பார்க்கிங்குக்கும், கழிவறைப் பாதைக்கும் சாதாரண வெள்ளை விளக்கு. அழகு வேண்டாம், தடுக்கி விழாமல் இருந்தால் சரி.

செய்யக்கூடாதவை

கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு மனுக் கொடுக்க வழி இருக்கிறது.

இரும்பு வளைவில் சீரியல் செட்டை நேராகச் சுற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டும். நனைந்த வாழைமரம், டேப் சுற்றிய ஒயர் ஜாயின்ட், அதைத் தொட்டு விளையாடும் குழந்தை. மூன்றும் ஓரிடத்தில் சேர்வது அபூர்வமில்லை. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத போர்டை உள்ளே விடாதீர்கள். எர்த் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று நீங்களே பாருங்கள். 'இருக்கு சார்' என்பது பதில் ஆகாது.

வளைவின் உச்சியை மேலே போகும் ஒயரைப் பார்க்காமல் நிறுத்தாதீர்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் அலங்காரத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சாலைப் பக்கம் பேனரை நீட்டவும் வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்தது ஒரு கல்யாண பேனர்தான். நிலைதடுமாறி விழுந்தவர் மேல் லாரி ஏறியது.

மணமக்களுக்குப் பின்னால் எல்.இ.டி. சுவரை முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். படத்தில் சுவர் ஜொலிக்கும், மணமக்கள் இருட்டுப் பொம்மையாக நிற்பார்கள்.

கடற்கரையில் விளக்கைக் கடல் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். மார்கழி கழிந்து தை பிறந்ததும் கல்யாணங்கள் வரிசைகட்டும். பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறி வருவதும் அதே மாதங்களில்தான். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சு பொரிந்து, ராத்திரியில் மணலைவிட்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகர்வது அதன் இயல்பு. இயற்கையான இருட்டில் வெளிச்சமான பக்கம் கடல்தான். உங்கள் ஃபோகஸ் லைட் எரிந்தால் அது பந்தலை நோக்கி வரும், ரோட்டுக்குப் போகும், காலையில் காக்கை கொத்தும். சென்னைப் பக்கம் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துக் காக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்ற உயிர் இது. ஆகவே தை முதல் சித்திரை வரை கரையில் வானத்தைத் துழாவும் பீம் வேண்டாம், லேசர் வேண்டாம். தாழ்வாக, நிலத்தைப் பார்த்து, மூடி போட்ட ஆம்பர் விளக்கு போதும். விருந்து முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

உப்புக் காற்றில் சாதாரண ஃபிட்டிங்கைத் தொங்கவிடாதீர்கள். ஐ.பி. 65 தரம் கேளுங்கள். சாரத்தை மணலில் வெறுமனே நிறுத்தவும் கூடாது. அடியில் பலகை வைத்து, மணல்மூட்டை போட்டுக் கட்ட வேண்டும். மாலைக் கடற்காற்று சாரத்தை ஆட்டிப் பார்க்கும்.

லைட் பையன்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள். முந்தைய நாள் மதியத்திலிருந்து சாரத்தில் ஏறி இறங்குகிறவர்கள். நடுராத்திரியில் அவ்வளவையும் கழற்றப் போகிறவர்களும் அவர்கள்தான். வாசல் வளைவை முதலில் இறக்கட்டும். லாரி நிற்கும் இடத்து விளக்கைக் கடைசி ஒயர் சுருட்டி ஏற்றும் வரை அணைக்க வேண்டாம்.