மூன்று மணி நேரமும் ஒரு மணியும்
(ரஷ்ய நாட்டு உக்லிச் நகரைப் பற்றிய பாடம்)



ஓர் ஊரை முற்றும் அறிந்துகொள்ள எத்தனை நாள் வேண்டும்? ஆயுள் முழுதும் வாழ்ந்தாலும் போதாது என்பர் பெரியோர். ஆயினும், பயணம் செல்வோர்க்கு அத்துணைக் காலம் வாய்ப்பதில்லை. ரஷ்ய நாட்டு ஆறுகளில் செல்லும் பயணிகள் கப்பல்கள், வழியிலுள்ள பழைய நகரங்களில் மூன்று அல்லது நான்கு மணி நேரமே தங்குகின்றன. அதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அக்குறுகிய நேரத்தில் எதைப் பார்ப்பது? பார்த்ததிலிருந்து எதைக் கற்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, உக்லிச் என்னும் சிறு நகரை நாம் எடுத்துக்கொள்வோம்.

ஆறும் வழியும்

ஐரோப்பாக் கண்டத்தின் மிக நீண்ட ஆறு வோல்கா. அதன் நீளம் சுமார் 3,530 கிலோமீட்டர். அது கிழக்கும் தெற்குமாக ஓடிக் காஸ்பியன் கடலில் கலக்கிறது. தலைநகராகிய மாஸ்கோ இவ்வாற்றங்கரையில் அமைந்ததன்று. ஆகவே, மாஸ்கோவையும் வோல்காவையும் இணைக்க 128 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. அது 1937ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மாஸ்கோவிலிருந்து சென்ட் பீட்டர்ஸ்பர்க்கை நோக்கிச் செல்லும் கப்பல்கள் இக்கால்வாய் வழியாக வோல்காவை அடைந்து, பின்னர் ஆற்றோட்டத்தின் திசையிலே சென்று உக்லிச்சை அடைகின்றன. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். ஆதலின், இப்பயணங்கள் பனி உருகிய பின்னரே தொடங்கும்.

உக்லிச்சை நெருங்கும் முன்னர், கலியாசின் என்னும் ஊரருகே பயணிகள் யாவரும் கப்பலின் மேல்தளத்தில் வந்து கூடுவர். அங்கே நீர்ப்பரப்பின் நடுவே, கோயிலும் இல்லாமல் வீடும் இல்லாமல், ஒரு வெண்ணிற மணிக்கோபுரம் மட்டும் தனித்து நிற்கும். 1800ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோபுரம் எழுபது மீட்டருக்கு மேல் உயரமுடையது. உக்லிச் நகரில் மின்சாரத்திற்காக அணை கட்டியபோது ஆற்றுநீர் பெருகித் தேங்கியது. கலியாசின் ஊரின் தாழ்ந்த பகுதி நீரில் மூழ்கியது. கோபுரத்தை அடுத்திருந்த பேராலயம் முன்னதாகவே இடிக்கப்பட்டது. மக்கள் தம் வீடுகளை விட்டு மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்தனர். கோபுரம் மட்டும் எஞ்சியது.

உக்லிச் மின் நிலையம் 1940ஆம் ஆண்டு டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மாஸ்கோவுக்கு மின்சாரம் அளித்த பெருமை அதற்கு உண்டு. ஆனால், அதைக் கட்டியவர்களுள் பெருந்தொகையினர் கூலி பெற்ற தொழிலாளர் அல்லர், சிறைக் கைதிகள். ஒளி தந்த அணையைப் போற்றும்போது, அதன் கல்லைச் சுமந்தவர்களையும் அதனால் வீடிழந்தவர்களையும் சேர்த்து எண்ணுவதே முழுமையான வரலாறாகும்.

அணையைக் கப்பல் எவ்வாறு கடக்கிறது என்று நீங்கள் வினவக்கூடும். அணையின் பக்கத்தில், இரு புறமும் பெருங்கதவுகள் உடைய நீண்ட தொட்டி போன்ற மடை ஒன்று உள்ளது. கப்பல் அதனுள் நுழைந்ததும் பின்கதவு அடைபடும். உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளியேற்றப்படும். நீர் இறங்க இறங்க அதன் மேல் மிதக்கும் கப்பலும் இறங்கும். சுமார் பதினொரு மீட்டர் இறங்கிய பின்னர் முன்கதவு திறக்கும். கப்பல் கீழ்மட்டத்து ஆற்றில் தன் வழியே செல்லும்.

கரையில் காண்பவை

உக்லிச் நகரம் கி.பி. 937இல் தோன்றியது என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. ஆனால், பழைய ஆண்டுக்குறிப்பு ஏடுகளில் அதன் பெயர் முதன்முதலாக 1148ஆம் ஆண்டுச் செய்தியிலேதான் காணப்படுகிறது. ஊரார் சொல்வது ஒன்று, ஏடு சொல்வது ஒன்று. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வூரின் பிற செய்திகளிலும் இதனை நாம் காண்போம்.

துறைமேடையிலிருந்து சற்று நடந்தால் கிரெம்ளின் வரும். கிரெம்ளின் என்னும் ரஷ்யச் சொல்லுக்குக் கோட்டை என்பது பொருள். மாஸ்கோவில் மட்டுமன்றி வேறு பல நகரங்களிலும் கிரெம்ளின்கள் உண்டு. உக்லிச் கோட்டையின் மரச்சுவர்கள் இன்று இல்லை. அவ்விடத்தில் மூன்று கட்டடங்கள் சிறப்பாகக் காணத்தக்கவை.

முதலாவது, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்லால் எழுப்பப்பட்ட இளவரசர் அரண்மனை. அதன் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. இரண்டாவது, 1713ஆம் ஆண்டைச் சேர்ந்த உருமாற்றப் பேராலயம். ஐந்து குவிமாடங்களைத் தாங்கி நிற்கும் அக்கட்டடத்தின் உள்ளே தாங்கு தூண்கள் இல்லாமை கண்டு வியப்போர் பலர். மூன்றாவது, ஆற்றின் விளிம்பில் செந்நிறச் சுவர்களும் பொன் விண்மீன்கள் பதித்த நீலக் குவிமாடங்களும் கொண்டு விளங்கும் ஆலயம். அதன் பெயர் 'குருதிமேல் எழுந்த திமித்ரி ஆலயம்' என்பதாகும். 1692ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அவ்வாலயத்திற்கு இத்தகைய பெயர் வந்த காரணம் யாது?

1591 மே 15

ரஷ்யாவை ஆண்ட நான்காம் இவான் என்னும் ஜார் மன்னன் 1584இல் இறந்தான். கொடுங்கோன்மையால் 'பயங்கர இவான்' என்று பெயர் பெற்றவன் அவன். அவனுக்குப் பின் அவன் மகன் பியோதர் அரியணை ஏறினான். பியோதர் உடலாலும் உள்ளத்தாலும் மெலிந்தவன். ஆதலின், அவன் மனைவியின் உடன்பிறந்தவராகிய போரிஸ் கொதுனோவ் என்பவரே நாட்டை நடத்தினார். இவானின் கடைசி மனைவி மரியாவும் அவளுடைய சிறு மகன் திமித்ரியும் தலைநகரினின்று அகற்றப்பட்டு உக்லிச்சுக்கு அனுப்பப்பட்டனர்.

1591ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், எட்டு வயதே நிரம்பிய திமித்ரி, அரண்மனை முற்றத்தில் தன் தோழர்களோடு கத்தியைத் தரையில் குத்தி நிறுத்தும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அவன் கழுத்தில் வெட்டுண்டு இறந்து கிடந்தான். ஆலய மணி விடாது ஒலித்தது. நகர மக்கள் ஓடிவந்தனர். தன் மகனைக் கொன்றுவிட்டார்கள் என்று தாய் கதறினாள். மாஸ்கோவிலிருந்து அனுப்பப்பட்டிருந்த அதிகாரியையும் அவரைச் சார்ந்தவர்களையும் சுட்டிப் பழி கூறினாள். கூட்டம் ஆராயவில்லை, அந்த அதிகாரியையும் மேலும் பலரையும் அடித்துக் கொன்றது.

சில நாள்களில் மாஸ்கோவிலிருந்து ஒரு விசாரணைக் குழு வந்தது. அதன் தலைவர் வாசிலி சூய்ஸ்கி என்னும் பெருங்குடிப் பிரபு. பலரிடமும் வாக்குமூலம் எழுதப்பட்டது. அந்த விசாரணை ஏடு இன்றளவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. காக்கை வலிப்பு நோய் உடைய சிறுவன், வலிப்பு வந்த வேளையில் கையிலிருந்த கத்தியால் தானே காயமுற்று இறந்தான் என்று குழு முடிவு செய்தது.

மணிக்கு விதித்த தண்டனை

அதன்பின் தண்டனைகள் தொடங்கின. நகர மக்களுள் பலர் கொல்லப்பட்டனர். பல குடும்பங்கள் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டன. தாய் மரியா கன்னித்துறவியாக்கப்பட்டு மடத்தில் அடைக்கப்பட்டாள். இவற்றோடு, மக்களை அழைத்து ஒலித்த மணிக்கும் தண்டனை விதிக்கப்பட்டது! கோபுரத்திலிருந்து அது கீழே தள்ளப்பட்டது, அதன் நாக்கு அகற்றப்பட்டது, காது வெட்டப்பட்டது, சாட்டையாலும் அடிக்கப்பட்டது என்பர். பின்னர், அதுவும் ஒரு குற்றவாளி போலச் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் நகருக்குக் கடத்தப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்ற பின்னரே, 1892இல் அது உக்லிச்சுக்குத் திரும்பியது. முந்நூறு கிலோகிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள அம்மணியை இன்று திமித்ரி ஆலயத்தினுள் காணலாம்.

உயிரற்ற வெண்கலத்தை அடித்தால் அதற்கு வலிக்குமா? வலிக்காது. அத்தண்டனை மணிக்கு விதிக்கப்பட்டது போலத் தோன்றினும், பார்த்து நின்ற மக்களுக்கே விதிக்கப்பட்டதாகும். இனி எவரும் இவ்வாறு கூட்டம் சேர்க்க எண்ணலாகாது என்னும் அச்சத்தை ஊட்டுவதே அதன் நோக்கம் என்று நாம் கொள்ளலாம்.

ஒருவர் வாயில் மூன்று சொற்கள்

கதை இவ்வளவில் முடியவில்லை. 1598இல் பியோதர் வாரிசின்றி இறந்தான். போரிஸ் கொதுனோவ் ஜார் ஆனார். 1601 முதல் 1603 வரை கொடிய பஞ்சம் நாட்டை வாட்டியது. அந்நிலையில், "நானே திமித்ரி, உக்லிச்சில் இறவாமல் தப்பிப் பிழைத்தேன்" என்று கூறிக்கொண்டு ஒருவன் படையுடன் புறப்பட்டான். போரிஸ் 1605இல் இறக்கவே, அவன் மாஸ்கோவுக்குள் நுழைந்து முடிசூடிக்கொண்டான். வரலாற்றாசிரியர்கள் அவனைப் 'பொய்த் திமித்ரி' என்று அழைக்கின்றனர். மடத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மரியாவும் அவனைத் தன் மகன் என்றே ஏற்றாள். 1606இல் அவன் கொல்லப்பட்டான். பின்னர், அவன் தன் மகன் அல்லன் என்று அவளே மறுத்தாள்.

விசாரணைத் தலைவராக இருந்த சூய்ஸ்கியின் செயலைப் பாருங்கள். 1591இல் அவர், சிறுவன் விபத்தால் இறந்தான் என்றார். 1605இல், வந்தவனே உண்மையான திமித்ரி என்று ஏற்றார்; அஃதாவது, சிறுவன் இறக்கவே இல்லை என்றாயிற்று. 1606இல் தாமே ஜார் ஆனதும், சிறுவன் போரிஸின் ஏவலால் கொல்லப்பட்டான் என்று அறிவித்தார். திமித்ரியின் உடல் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டது. திருச்சபை அவனைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. ஒரே மனிதர், ஒரே நிகழ்ச்சியைக் குறித்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு சொற்களைச் சொன்னார்! ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது, அவ்வேளையில் அதிகாரத்தில் இருந்தவர்க்குப் பொருந்துவதாகவே அமைந்தது.

அவ்வாறாயின் உண்மைதான் யாது? கொதுனோவுக்கு அரியணை ஆசை இருந்திருக்கலாம். ஆகவே அவரே கொல்வித்தார் என்று பலர் கருதினர். கவிஞர் புஷ்கின் 1825இல் எழுதி முடித்த 'போரிஸ் கொதுனோவ்' நாடகம் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஆனால், திருச்சபை முறைப்படி ஏற்காத திருமணத்தில் பிறந்த திமித்ரிக்கு அரியணை உரிமை உறுதியானதன்று. அவனைக் கொல்லும் தேவை கொதுனோவுக்கு இருந்ததா என்று வேறு சிலர் வினவுகின்றனர். உடன் விளையாடிய சிறுவர்களின் வாக்குமூலமும் விபத்து என்றே கூறுகிறது. அறிஞர்களிடையே இன்றும் ஒத்த முடிவு இல்லை. திரும்பிவந்த மணியைப் பற்றியும் ஐயம் உண்டு. தொபோல்ஸ்கில் நேர்ந்த தீயில் பழைய மணி உருகிப்போயிருக்கலாம், இன்று காண்பது பின்னர் வார்த்ததாக இருக்கலாம் என்பது சில ஆராய்ச்சியாளர் கருத்து.

நாம் கொள்ளத்தக்க பாடம்

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் பழமொழி. உக்லிச்சில் அதிகாரியைக் கொன்ற கூட்டத்தினர் தீயவர்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் ஒரு தாயின் அழுகையைக் கேட்டு இரங்கியவர்கள். ஆனால், விசாரிக்கும் பொறுமை இல்லாத இரக்கமும் கொலையில் முடிந்தது. ஒரு நாளில் எழுந்த வதந்திக்குப் பலர் உயிரிழந்தனர். அவ்வுயிர்கள், பின்னர் எந்த உண்மை வெளிப்பட்டாலும் மீளப்போவதில்லை.

விசாரிக்க வந்தவர்களிடமோ வேறொரு குறை இருந்தது. அவர்கள் வாக்குமூலங்களை வரிசையாக எழுதினர்; ஆனால், அவர்களின் தலைவர் பின்னாளில் தம் முடிவைத் தம் நலனுக்கேற்ப மாற்றிக்கொண்டார். ஆகவே, ஒரு செய்தியைக் கேட்கும்போது மூன்று வினாக்களை நாம் கேட்டுப் பழக வேண்டும். இதைச் சொல்பவர் யார்? இவர் நேரில் கண்டாரா? இதை நாம் நம்புவதால் இவருக்கு ஆவது என்ன? இம்மூன்றும் வரலாற்றுப் பாடத்திற்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டிலும், வேலைத்தலத்திலும், கைப்பேசியில் நொடிக்கொன்றாய் வந்து விழும் செய்திகளிலும் இவை நமக்குத் துணை நிற்கும்.

மூன்று மணி நேரம் முடிந்ததும் கப்பல் சங்கொலி எழுப்பும். பயணிகள் விரைந்து ஏறுவர். கப்பல் ரிபின்ஸ்க் நீர்த்தேக்கத்தை நோக்கிப் புறப்படும். ஆலயங்களின் அழகைப் படம் எடுத்துச் செல்வோர் பலர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் சாவைக் குறித்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் ஏன் இன்னும் வினவிக்கொண்டிருக்கிறது என்று எண்ணியவாறு செல்வோர், அந்நகரில் உண்மையிலேயே இறங்கி நடந்தவர் ஆவர்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உக்லிச்சின் தோற்றம் பற்றி ஊரார் கூறும் ஆண்டு யாது? ஏட்டில் முதலில் காணப்படும் ஆண்டு யாது? இவை ஏன் வேறுபடலாம்?
2. மடையின் உதவியால் கப்பல் அணையைக் கடக்கும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
3. வாசிலி சூய்ஸ்கி கூறிய மூன்று செய்திகளையும் ஆண்டு வரிசையில் எழுதுக.
4. மணிக்குத் தண்டனை அளித்ததன் நோக்கம் யாதாக இருக்கலாம்? உம் சொந்த நடையில் எழுதுக.
5. அண்மையில் நீர் கேட்ட செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, மேலே கூறிய மூன்று வினாக்களையும் அதனிடம் கேட்டுப் பார்க்க. விடைகளைப் பெற்றோருடன் கலந்து பேசுக.