வாத்துக் குஞ்சுகள்: பொரித்த நாள் முதல் எட்டு வாரம் வரை

நஞ்சை நிலமும் ஏரிப் பாசனமும் உள்ள கிராமங்களில் வாத்து வளர்ப்பு இலாபந்தரும் உபதொழிலாகும். ஆயினும், பொரித்த குஞ்சுகளில் பல, முதல் மூன்று வாரங்களுக்குள்ளேயே மடிந்துபோகின்றன. குளிர், ஈரம், கெட்ட தீனி ஆகிய மூன்றுமே இந்நஷ்டத்திற்குப் பெரும்பாலும் காரணமாம். மூன்றும் தடுக்கக்கூடியவையே.

அடைகாலம்.— வாத்துகள் பெரும்பாலும் சரிவர அடைகாப்பதில்லை. ஆகையால் அடைக்கோழியைக் கொண்டு பொரிப்பிப்பது வழக்கம். ஒரு கோழிக்கு ஒன்பது அல்லது பத்து முட்டைகளே போதும். கோழிமுட்டை 21 நாளிலும், வாத்துமுட்டை 28 நாளிலும், மஸ்கவி வாத்தின் முட்டை 35 நாளிலும் பொரிக்கும். எனவே 21 நாள் கழிந்தவுடன் கூமுட்டையென்று எறிந்துவிடலாகாது. கடைசி வாரத்தில் தினம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரை முட்டைகளின்மீது லேசாகத் தெளித்து வருதல் நலம்.

கதகதப்பு.— முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குச் சுமார் 90 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கினடியில் ஒன்றன்மேலொன்று நெருங்கினால் குளிரென்றும், வாயைத் திறந்து மூச்சிரைத்து விலகினால் வெப்பம் மிகுதியென்றும், பரவலாகப் படுத்திருந்தால் அளவு சரியென்றும் அறிக. தரையில் உமி அல்லது நறுக்கிய வைக்கோல் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அகற்ற வேண்டும்.

தண்ணீர்.— தாய் வாத்தின்றி வளருங் குஞ்சின் மயிரில் எண்ணெய்ப் பசை போதாது. குளத்தில் விட்டால் நனைந்து விறைத்து மாளும். ஆகவே முதல் நான்கு வாரம் நீந்த விடலாகாது. ஆனால் அலகும் மூக்குத் துவாரமும் மூழ்குமளவு, அதாவது இரண்டு அல்லது மூன்று அங்குல ஆழம், குடிநீர் எப்பொழுதும் இருத்தல் அவசியம். தண்ணீரில்லாத வேளையில் தீனி வைத்தால் குஞ்சின் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தீனி.— எடையில் வேகவைக்காத நொய் 2 பங்கு, அரிசித்தவிடு 1 பங்கு, உப்பிடாது உலர்த்திய மீன்தூள் 1 பங்கு எனக் கணக்கிட்டுக்கொள்க. நொய்யை வேகவைத்து ஆறவிட்டு, மற்றவற்றைச் சேர்த்து உதிரியாகப் பிசைந்து, நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாக இடுக. உப்புக் கருவாடு ஆகாது. பொடியாக நறுக்கிய கீரையும், நசுக்கிய நத்தையும் நல்லவை. நயாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு அதிகம் வேண்டும். அது குறைந்தால் கால்கள் வளைந்து நொண்டும். தவிடும் மீனும் இச்சத்தை அளிப்பவை. மூன்று வாரத்திற்குப்பின் மீன்தூளைப் பாதியாகக் குறைக்கலாம். மிஞ்சிய ஈரத்தீனியை மறுவேளைக்கு வைக்கலாகாது.

கடலைப்பிண்ணாக்கு: எச்சரிக்கை.— 1960-ம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகளும், அவற்றோடு வாத்துக்குஞ்சுகளும், வேட்டைக்கென வளர்க்கப்பட்ட பெஸன்ட் பறவைக் குஞ்சுகளும் மாண்டன. ஆராய்ந்ததில், பிரேஸில் தேசத்திலிருந்து வந்த கடலைப்பிண்ணாக்கில் பூஞ்சக்காளான் உண்டாக்கிய விஷமே காரணமென வெளியாயிற்று. அஃப்ளடாக்ஸின் எனப்படும் அவ்விஷம் ஈரலைக் கெடுப்பது. சாதாரணமாக வேகவைப்பதால் நீங்காதது. வாத்துக்குஞ்சுகளை மிக எளிதில் கொல்வது. பிண்ணாக்கு பார்வைக்குச் சுத்தமாயிருப்பினும் விஷம் இருத்தல் கூடும். ஆகையால் இளங்குஞ்சுகளுக்குக் கடலைப்பிண்ணாக்கை அடியோடு விலக்குவதே உத்தமம். கெட்டுப்போனதை மாட்டுக்குப் போடலாமென எண்ணுவதும் தவறு. விஷம் பாலிலும் இறங்கும்.

மேய்ச்சல்.— இறகு முளைத்தபின் குஞ்சுகளை அறுவடையான வயல்களில் மேய விடலாம். சிந்திய நெல்லும் நத்தையும் பூச்சியும் உணவாகும். எச்சம் நிலத்திற்கு எருவாகும். பூச்சிமருந்து தெளித்த வயல்களைத் தவிர்க்க. எட்டு வாரம் கடந்ததும் வாத்துப் பிளேக் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும்.

வெளியூர் மந்தைகள் தங்கள் எல்லையில் இறங்குகையில், தடுப்பூசி போடப்பட்டதா என விசாரித்தறிவதும், திடீர்ச் சாவு காணின் தாமதமின்றிக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதும் கிராம அதிகாரிகள் குடிகளுக்குச் செய்யும் பேருதவியாம். இறந்த பறவைகளை ஏரியிலும் வாய்க்காலிலும் எறியாது, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பிக்க வேண்டும்.