மிதப்பதும் அமிழ்வதும்

பேராக் மாநிலத்தை வளர்த்த பழைய செல்வங்கள் இரண்டு. ஒன்று, கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணுக்குள் கிடந்த ஈயம். மற்றொன்று, பால்மரம் தந்த இரப்பர். ஈய லம்பங்களால் ஈப்போ நகரம் செழித்தது. பால்மரக் கன்றுகள் 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழர் பலர் கடல் கடந்து வந்தனர். தன்மையில் வேறுபட்ட இவ்விரு தொழில்களையும் இயற்பியலின் ஒரே கருத்தைக் கொண்டு விளக்கலாம். அதுவே அடர்த்தி.

ஒரு பொருளின் பொருண்மையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் பொருண்மை 1 கிராம். அதே அளவு இரப்பர் ஏறத்தாழ 0.92 கிராம் இருக்கும், மணல் 2.65 கிராம் இருக்கும். ஈயத்தாதுவோ ஏறத்தாழ 7 கிராம் இருக்கும். நீரைவிட அடர்த்தி குறைந்த பொருள் நீரில் மிதக்கும். அடர்த்தி மிகுந்த பொருள் அமிழும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அரிசியும் ஈயமும்

முன்பெல்லாம் அரிசியில் சிறு கற்கள் கலந்திருக்கும். நம் பாட்டிமார் அரிசியை நீரிலிட்டு, பாத்திரத்தை மெல்ல அசைத்து, மற்றொரு பாத்திரத்தில் சிறிது சிறிதாக ஊற்றுவர். இதற்கு அரிசி அரித்தல் என்று பெயர். அரிசி, கல் இரண்டுமே நீரில் அமிழ்பவைதாம். ஆயினும், கல்லின் அடர்த்தி அதிகம். எனவே, கல் அடியில் தங்கிவிடும். அரிசி நீரோடு நகர்ந்து செல்லும்.

கிந்தா ஆற்றுப் பகுதிகளில் பெண்கள் ஈயம் எடுத்த முறையும் இதுவே. அவர்கள் ‘டூலாங்’ எனப்படும் அகன்ற மரத்தட்டில் மண்ணை அள்ளி, நீரில் வைத்துச் சுழற்றுவர். மணல் விளிம்பு வழியாக வெளியேறும். கருநிற ஈயத்தாது தட்டின் நடுவில் தங்கும். தாது, மணலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தி மிக்கது என்பதே இதற்குக் காரணம். பெரிய லம்பங்களில் அமைக்கப்பட்ட ‘பாலோங்’ என்னும் சரிவான மரக்கால்வாயும் இதே அடிப்படையில்தான் இயங்கியது.

மிதக்கும் இரும்பு

பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் பழைய ஈயக் கப்பல் ஒன்று இன்றும் நிற்கிறது. 1938ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கப்பல், 1982ஆம் ஆண்டு வரை மண்ணை அள்ளி ஈயம் பிரித்தது. அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். இரும்பின் அடர்த்தி 7.8, அதாவது, ஈயத்தாதுவின் அடர்த்தியைவிடவும் அதிகம். அப்படியானால், ஈயத்தாது அமிழும் நீரில் இரும்புக் கப்பல் எப்படி மிதந்தது?

விடை அதன் அடிப்பகுதியில் இருக்கிறது. அது கெட்டியான இரும்பன்று. உள்ளே வெற்றிடம் உள்ள பெரிய பெட்டி போன்றது. நீரில் இறங்கும்போது அது தன் இடத்திலிருந்த நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடை கப்பலின் எடைக்குச் சமமாகும்போது, கப்பல் மேலும் அமிழாமல் மிதக்கிறது. இதுவே ஆர்க்கிமிடிஸ் தத்துவம். 4,500 டன் எடையுள்ள கப்பல் மிதக்க, 4,500 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும்.

பால் வாளியும் கூலியும்

இனித் தோட்டத்திற்கு வருவோம். விடியுமுன் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, தொழிலாளர்கள் வாளிகளைத் தோளில் சுமந்து வருவர். பல தோட்டங்களில் கூலியைக் கணக்கிடப் பாலின் எடை மட்டும் போதாது; பாலில் எவ்வளவு இரப்பர் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

அதை அறிய உதவிய கருவி மெட்ரோலாக். நீண்ட கழுத்தும் கனமான அடிப்பகுதியும் கொண்ட இக்கருவியைப் பாலில் மிதக்கவிடுவர். இரப்பர் நீரைவிட இலேசானது. எனவே, இரப்பர் மிகுந்த பாலின் அடர்த்தி குறைவு. அதில் கருவி ஆழமாக இறங்கும். மழைநீர் கலந்த பாலின் அடர்த்தி சற்றே கூடும். அதில் கருவி உயர்ந்து நிற்கும்.

ஒரு தொழிலாளி 20 கிலோ பால் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 விழுக்காடு இரப்பர் இருந்தால், இரப்பரின் எடை 6 கிலோ. அப்பாலில் 4 கிலோ நீர் கலந்தால் மொத்த எடை 24 கிலோவாகும். ஆனால், இரப்பரின் பங்கு 25 விழுக்காடாகக் குறைந்துவிடும். கணக்குப் பார்த்தால் இரப்பர் அதே 6 கிலோதான். எனவே, நீர் கலப்பதால் ஆதாயமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 30 விழுக்காடு என்று படிக்க வேண்டியதைக் கிராணி 28 என்று படித்துவிட்டால், 6 கிலோ 5.6 கிலோவாகிவிடும். நாளொன்றுக்கு 400 கிராம். 25 நாள் வேலைக்கு 10 கிலோ! மரம் வெட்டியவரின் உழைப்பு, ஒரு கருவியின் இரண்டு கோடுகளுக்கிடையே காணாமற் போய்விடும். நுரையை நீக்கிய பின்பே அளக்க வேண்டும், கண்ணைப் பாலின் மட்டத்திற்கு நேராக வைத்தே அளவைப் படிக்க வேண்டும் என்னும் விதிகள் ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியவை அல்ல. அளவை அறிந்தவரே அதைச் சரிபார்க்க முடியும். தவறு இருந்தால் கேள்வி கேட்கவும் முடியும்.

செய்து பாருங்கள்

ஓர் உறிஞ்சு குழலின் ஒரு முனையை நீர் புகாதபடி களிமண் உருண்டையால் அடையுங்கள். குவளை நீரில் அது நிமிர்ந்து மிதக்குமாறு களிமண்ணைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். நீர்மட்டம் படும் இடத்தில் கோடிடுங்கள். பின்னர், நீரில் நான்கு கரண்டி உப்பைக் கரைத்துப் பாருங்கள். குழல் உயர்ந்ததா, தாழ்ந்ததா? காரணம் என்ன?

சிந்தித்து விடை கூறுக: பசும்பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.03. அதில் நீர் கலந்தால் மிதக்கும் கருவி உயருமா, தாழுமா? மரப்பாலில் நிகழ்வதோடு ஒப்பிட்டு விளக்குக.