இடிமேகத்துக்கு வயது பார்ப்பது எப்படி?

ஆவணியில் பாகூர் வட்டாரமெங்கும் சொர்ணவாரி அறுவடை. தென்பெண்ணைக் கரையை ஒட்டிய குருவிநத்தத்தில் நெல்லைச் சாலையோரம் கொட்டிக் காயவைத்துவிட்டு, மதியம் தாண்டியதும் எல்லார் கண்ணும் மேற்கே போய்விடும். மழை வருமா, வராதா? அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் பாதி நெல்லாவது நனையாமல் வீடு சேரும். அந்த மேகத்துக்கு என்ன வயது?

தனியாக எழும் ஒரு இடிமேகம் பிறந்து, வளர்ந்து, கொட்டி, ஓய்ந்துபோக ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். திருவண்ணாமலைப் பக்கம் 85 கிலோமீட்டர் தள்ளி எழுந்த மேகம் நம் ஊர் வருவதற்குள் கிழடு தட்டியிருக்கும். விழுப்புரத்துக்கு மேல் இப்போதுதான் எழுந்தது என்றால், 30 கிலோமீட்டர் நடந்து வந்து முழு பலத்தோடு நம் தலையில் இறங்கும்.

மேகத்துக்கு இப்படிப் பருவங்கள் உண்டு என்று உறுதியாகச் சொன்னவர்கள் அதன் வயிற்றுக்குள் புகுந்து பார்த்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இடிமேகங்களில் சிக்கி விமானங்கள் பல விழுந்தன. போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஹொரேஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரஹாம் ஆகியோர் 1946-ல் புளோரிடாவிலும் 1947-ல் ஒஹாயோவிலும் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார்கள். தரையிலிருந்து ரேடார் வழிகாட்ட, போர் விமானங்கள் 5 ஆயிரம் அடி முதல் 25 ஆயிரம் அடி வரை அடுக்கடுக்காக ஒரே மேகத்துக்குள் நுழைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை நுழைந்து வெளியே வந்தன. அந்த விமானிகளின் துணிச்சலில் கிடைத்த பாடம்தான் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. முதல் பருவத்தில் மேகத்துக்குள் காற்று மேலே மட்டும் ஏறும். இரண்டாவதில் ஒரு பக்கம் ஏற, இன்னொரு பக்கம் மழையோடு இறங்கும். மூன்றாவதில் இறக்கம் மட்டும். மேகம் பட்டினி கிடந்து கரையும். நம் நாட்டிலும் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009 முதல் மேகங்களுக்குள் விமானம் அனுப்பி நீர்த்துளிகளை அளந்துவருகிறது. சோலாப்பூரைச் சுற்றி 2018, 2019-ல் பறந்தது அந்த வரிசையில் வந்த ஆய்வுதான்.

இந்த மூன்று பருவங்களையும் வரப்பில் நின்றபடி, கையில் ஒரு செல்போனோடு கண்டுகொள்ளலாம்.

முதல் படி: காலையிலேயே மேகத்தின் அடி எங்கே நிற்கும் என்று கணக்கிடுங்கள்

வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு பனிநிலை என்றும் ஒரு எண் இருக்கும். எந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் நீராகுமோ அந்த வெப்பநிலை அது. பகல் வெப்பத்திலிருந்து அதைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். 37 டிகிரி வெயில், பனிநிலை 25 என்றால் வித்தியாசம் 12. மேகத்தின் அடிப்பகுதி சுமார் 1,500 மீட்டரில் அமையும். பனிநிலை 24, 25 என்று இருக்கும் நாளில் மேகத்துக்குத் தீனி தாராளம். 20-க்குக் கீழே போய்விட்டால் நம்பிக் காயப்போடலாம்.

இரண்டாம் படி: கடற்காற்று நுழையும் நேரத்தைக் குறியுங்கள்

ஆனி முதல் ஆவணி வரை மேலைக்காற்றின் ஆட்சி. மதியத்தை ஒட்டிக் கிழக்கே, தென்கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே வரும். ஈரமான அந்தக் காற்று, எதிரே வரும் வறண்ட மேலைக்காற்றோடு முட்டும் கோட்டில்தான் காற்று மேலே தள்ளப்படுகிறது. கோடு கரையோரமாகவே நின்றால் மழை நமக்கு. உள்ளே நகர்ந்துவிட்டால் அது மேற்கத்தியாருக்கு. தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே காற்று திரும்பிய நேரம் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ரேடாருக்கு முன்னால் கண்ணை நம்புங்கள்

பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பிறந்த மேகத்தில் இருப்பது நுண்துளிகள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவு. வானிலை ரேடாரின் அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய துளிகள் அதற்குத் தட்டுப்படாது. ரேடார் படம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதே மேற்கே காலிபிளவர் பூ போல விளிம்பு கூர்மையாக ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருக்கும். அந்தக் கூர்மைதான் குழந்தைப் பருவத்தின் அடையாளம். ஒரு கம்பத்தையோ பனைமரத்தையோ அடையாளம் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். தலை அடையாளத்தைத் தாண்டி உயர்கிறதா? உயர்ந்தால் மேகத்துக்குள் காற்று வேகமாக ஏறுகிறது என்று பொருள்.

பின்னர் உச்சி வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, கொல்லன் பட்டறைக் கல்லைப் போலத் தட்டையாக விரியும். நம் பகுதியில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் காற்று உறைநிலையைத் தொடுகிறது. அதற்கும் வெகுமேலே போன தலை பனிக்கட்டியாகிவிட்டது என்பதைத்தான் அந்த நார் காட்டுகிறது. உள்ளே குருணை போன்ற பனி உருண்டைகளும் சிறு பனிப் படிகங்களும் மோதிக்கொள்கின்றன. படிகங்கள் நேர்மின்னூட்டத்தோடு மேலே போக, குருணை எதிர்மின்னூட்டத்தோடு நடுவில் தங்கும். மின்னல் இங்கிருந்து தொடங்குகிறது. மழை ஒரு சொட்டு விழாவிட்டாலும், உச்சி நார்விட்ட மேகத்தை இடிமேகம் என்றே கொள்ளுங்கள்.

தொலைவு பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு. கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் உயரம் வானத்தில் சுமார் 10 டிகிரி. 12 கிலோமீட்டர் உயர மேகத்தின் தலை, தொடுவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் தெரிந்தால் அது ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு முட்டி என்றால் 30 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிட்டது. தார்ப்பாயை எடுக்க வேண்டிய நேரம் அது.

நான்காம் படி: இரண்டு ரேடாரையும் சேர்த்துப் படியுங்கள்

நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002-ல் சென்னையில் அமைக்கப்பட்டது. பின்னர் காரைக்காலுக்கும் ஒன்று வந்தது. இரண்டின் படங்களும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் கிடைக்கின்றன. குருவிநத்தத்துக்குக் காரைக்கால் நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்; சென்னை 150-க்கு மேல். பூமி வளைந்திருப்பதால், தொலைவு கூடக் கூட ரேடார் கதிர் தரையைவிட்டு மேலே போய்விடும். அரை டிகிரி சாய்வில் கிளம்பும் காரைக்கால் கதிர் நம் ஊர் மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலும், சென்னைக் கதிர் இரண்டரைக்குச் சற்று மேலும் கடக்கிறது. ஆகவே நம் வட்டாரத்துக்குக் காரைக்கால் படத்தை முதலில் திறக்க வேண்டும். சென்னைப் படம் திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும்.

படத்தில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம், 5.30 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் உள்ள வண்ணப் பட்டையின் அளவுக்கு டிபிஇசட் என்று பெயர். 20-க்குக் கீழே இருந்தால் பேருக்குத் தூறல். 40 என்றால் நல்ல மழை. 50-ஐத் தாண்டினால் அடைமழை, சில நேரம் ஆலங்கட்டி. ஒவ்வொரு 10-க்கும் திரும்பி வரும் அலையின் வலு பத்து மடங்காகிறது. 40-லிருந்து 50-க்குப் போனதைச் சிறு ஏற்றமாக நினைக்கக் கூடாது.

வயது பார்ப்பதற்கு, 'மேக்ஸ் இசட்' என்ற படம் வேண்டும். நடுவில் மேலிருந்து பார்த்த வரைபடம் இருக்கும். மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள பட்டைகளில் அதே மேகம் எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று தெரியும். மஞ்சளோ சிவப்போ முதலில் 5, 6 கிலோமீட்டர் உயரத்தில் தொங்கலாகத் தோன்றினால் மேகம் இளமையில் இருக்கிறது. துளிகள் மேலே திரள்கின்றன, தரையில் இன்னும் விழவில்லை. உங்களுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கிடைத்திருக்கிறது. அடுத்த படத்தில் அந்தச் சிவப்பு கீழே இறங்கியிருந்தால் கொட்டத் தொடங்கிவிட்டது, கூடவே காற்றும் இறங்குகிறது. உயரம் குறைந்து, நிறம் வெளுத்து, பரப்பு மட்டும் அகன்றுகொண்டே போனால் கிழப் பருவம். அது நெடுநேரம் தூறுமே தவிர அடித்துக்கொட்டாது.

அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு வேகத்தையும் கணக்கிடலாம். 20 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் நகர்ந்தால் மணிக்கு 30. ஆனால் ஒரு எச்சரிக்கை: தாய் மேகம் ஓயும்போது அதன் விளிம்பில் பிள்ளை பிறக்கும். கூட்டம் கிழக்கே நகர்வதுபோலத் தெரிவதில் பாதி, பழையது சாக முன்னால் புதியது முளைப்பதுதான். சிவப்புப் புள்ளிக்குக் கிழக்கே சின்னதாக ஒரு புதுப் புள்ளி தெரிகிறதா என்று தவறாமல் பாருங்கள்.

விமானங்களையும் ஒரு கருவியாக வைத்துக்கொள்ளலாம். விமானப் பாதைகளைக் காட்டும் செயலிகளில், சென்னைக்கு வரும் விமானங்கள் திடீரென்று வளைந்து சுற்றிப் போவதைக் காணலாம். வலுவான இடிமேகத்துக்கு 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர் இடைவெளி விடுவது விமானிகளின் வழக்கம். அவர்கள் ஒதுங்கும் இடத்தில் மேகம் முழுப் பருவத்தில் இருக்கிறது.

ஐந்தாம் படி: குளிர்காற்று வந்த நிமிடத்தை எழுதிவையுங்கள்

மழை விழும்போது சில துளிகள் நடுவழியிலேயே ஆவியாகி, காற்றைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த காற்று கனத்து, தரையில் விழுந்து நாலாபக்கமும் பரவும். அதுவரை தென்கிழக்கேயிருந்து வீசிய காற்று சட்டென்று மேற்கேயிருந்து சில்லென்று புழுதியோடு அடிக்கும். அந்த நொடியில் மேகம் இரண்டாம் பருவத்துக்கு வந்துவிட்டது. வாழையும் கீற்றுக் கூரையும் சாய்வது பெரும்பாலும் இந்தக் காற்றில்தான், மழையில் அல்ல. சிமெண்ட் மூட்டை, தார்ப்பாய், தகரம் எதுவானாலும் கட்டிவைக்கும் வேலையை இதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

ஒரு பள்ளி நோட்டில் ஐந்து நேரங்களைக் குறித்துவந்தாலே போதும்: மேகத்தலை தெரிந்தது, முதல் இடி, குளிர்காற்று, மழைத் தொடக்கம், கடைசி இடி. நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து ஸ்கேலால் அளந்தால் மழை அளவும் கிடைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்றில் மேகங்கள் கடலிலிருந்து, பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வரும். மேற்கே பார்த்துப் பயனில்லை. காரைக்கால் படத்தில் கடல் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: இடி கேட்டால் வரப்பைவிட்டு இறங்குங்கள்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; மின்னல் உங்களை எட்டும். மேலே வெயில் அடித்தாலும் அதுவே நிலை. புனே நிறுவனத்தின் 'தாமினி' செயலி அருகே விழும் மின்னல்களைக் காட்டும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பனைமரத்தடி, வேப்பமரத்தடி, நான்கு பக்கமும் திறந்த மோட்டார் கொட்டகை எதுவும் பாதுகாப்பு இல்லை. தளம் போட்ட வீட்டுக்கோ, கதவு மூடிய காருக்கோ போய்விட வேண்டும். நாடெங்கும் ஆண்டுக்கு 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலில் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் வயலில் வேலை செய்துகொண்டிருந்த நம்மைப் போன்றவர்கள்.

மூன்றாம் பருவத்தில் மழை குறைந்து, வானம் வெளுத்ததும் நெல்லைப் பார்க்க ஓடத் தோன்றும். கிழட்டு மேகத்தின் விரிந்த உச்சியில் மின்னூட்டம் இன்னும் மிச்சம் இருக்கும். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் எண்ணி, அதன் பிறகு களத்தில் கால் வையுங்கள்.